மரச்சீனியும் மீட்டரும்: சர்க்கரை புதிதாகக் கண்டவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, சர்க்கரை இருப்பது இப்போதுதான் தெரியவந்தவர்கள் அனுப்பியவை. முக்கால்வாசிப் பேர் கேட்பது "எதையெல்லாம் விடணும்?" என்றுதான். விட வேண்டியவற்றின் பட்டியல் என்னிடம் சின்னது. சாப்பிட்ட பிறகு சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தீர்களா என்பதுதான் நான் முதலில் கேட்பது.

வெறும் வயிற்றில் 148, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.9 என்று ரிசல்ட் வந்திருக்கிறது. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. லேபில் தப்பு நடந்திருக்குமோ? மாத்திரை தொடங்காமல் மூன்று மாதம் சாப்பாட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? (ஆசிரியை, வயது 47, தக்கலை)

வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5. சர்க்கரை நோய் என்று சொல்வதற்கு இவைதான் எல்லைக்கோடுகள். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆனால் உங்களுக்கு இரண்டுமே தாண்டியிருக்கின்றன, அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை பல வருஷம் சத்தமில்லாமலே இருக்கும்.

7.9 என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் சர்க்கரை சராசரியாக 180 அளவில் இருந்ததைக் காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். உங்கள் வயதில் மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறவர்கள் நிறைய. ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்காக 148 பொய்யாகிவிடாது.

மாத்திரை விஷயத்தில், உங்கள் டாக்டர் மெட்ஃபார்மின் எழுதியிருந்தால் தொடங்குங்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு அதோடு சேர்ந்து நடக்கட்டும். எடை குறைந்து எண்களும் இறங்கினால் பிறகு அளவைக் குறைப்பது பற்றி அவரிடம் பேசலாம். முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றைப் புரட்டும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கிடையில் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைதல், வாந்தி என்று ஏதாவது வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

அவிச்ச மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை (மத்தி மீன்) கறியும் இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது. டாக்டர் கிழங்கைத் தொடவே கூடாது என்கிறார். நிஜமாகவே தொடக்கூடாதா? (வயது 55, அருமனை)

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போனபோது இங்குள்ள வீடுகளில் அடுப்பு எரிந்ததே இதனால்தான். அந்தத் தலைமுறை கிழங்கைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தது. நாம் தின்றுவிட்டு டிவி பார்க்கிறோம். சரி, கணக்குக்கு வருவோம்.

அவித்த மரச்சீனி 100 கிராமில் சுமார் 30 முதல் 35 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடை சோற்றில் சுமார் 28. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கிழங்கில் புரதம் ஒரு கிராம் அளவுக்குத்தான் தேறும், அதனால் வெறும் கிழங்கு சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். இன்னொரு சங்கடம், சோற்றை அகப்பைக் கணக்கில் அளந்து போடுகிறவர்கள்கூடக் கிழங்கை அளப்பதில்லை. சட்டி காலியாகும்வரை கை நீளும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மத்தியானம், சாப்பிட உட்காரும் முன் வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பார்த்து எழுதுங்கள். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும். முருங்கைக்கீரைத் துவரனோ (பொரியல்) புடலங்காய்க் கூட்டோ எதுவானாலும் சரி. கால்வாசி மீன், மீதிக் கால்வாசிக்கு மட்டும் கிழங்கு. மீனையும் காயையும் முதலில் தின்றுவிட்டுக் கடைசியில் கிழங்குக்கு வாருங்கள். வயிற்றில் மீனும் நாரும் முன்னமே இருந்தால் மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சாப்பிட்டு எழுந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருந்து, பிந்தையது 180-க்குக் கீழே நின்றால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 220, 230 என்று போனால் அடுத்த தடவை கிழங்கைப் பாதியாக்குங்கள், அல்லது சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்துவிட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எண்ணுக்குப் பக்கத்தில் தட்டில் என்ன, எவ்வளவு இருந்தது என்று எழுதாவிட்டால் இவ்வளவு செய்தும் பிரயோஜனம் இல்லை. சாப்பாட்டு விவரம் இல்லாமல் வெறும் எண்களாக நிரம்பிய டயரியை நீட்டினால் எந்த டாக்டராலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று, அந்தச் சாளையைப் பொரிக்க வேண்டாம், குழம்பாகவே இருக்கட்டும். கிழங்கு தின்ற வேளையில் சோறு கிடையாது. இங்கே பலர் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிட்டேன். அது நல்லதுதானே? (திங்கள்நகர்)

இல்லை. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், அவ்வளவே. தேன், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அக்கானியும் (பதநீர்) அப்படியே. சுக்குக் காப்பியை இனிப்பில்லாமல் குடித்துப் பழகுங்கள், சில வாரத்தில் நாக்கு ஒத்துவந்துவிடும்.

லேபில் 148, வீட்டு மீட்டரில் அதே காலை 163. எதை நம்புவது? ஸ்ட்ரிப் விலையும் கட்டுபடியாகவில்லை. (குளச்சல்)

இரண்டையும் நம்பலாம். வீட்டு மீட்டர்களுக்கு 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே போக அனுமதி உண்டு. உங்கள் வித்தியாசம் அதற்குள்தான் இருக்கிறது. அதோடு விரல் நுனி ரத்தமும் நரம்பில் எடுக்கும் ரத்தமும் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டாது, சாப்பிட்ட பிறகு விரலில் கூடுதலாகவே காட்டும்.

நான் சந்தேகப்படுவது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, கை. மட்டிப்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து கணக்காகும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம். இரண்டாவது, கடற்கரை ஈரம். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் அந்தக் காற்றே அதைக் கெடுத்துவிடும். ஒன்றை எடுத்த கையோடு மூடுங்கள், மற்றவற்றை வேறு டப்பிக்கு மாற்றாதீர்கள். திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பது டப்பாவிலேயே இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர் தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்று ஜோடி ஜோடியாகப் பார்த்து உங்கள் தட்டைப் புரிந்துகொண்டால், பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். விடியும் முன்னே கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவேன். புதிதாக எழுதிய கிளிமிப்ரைடு மாத்திரையை அப்போதே போட்டுவிடுவேன். ஏழு மணிக்கெல்லாம் கை நடுங்கி வியர்க்கிறது. (குலசேகரம்)

இதற்குத்தான் முதலில் பதில் எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு நடப்பது சர்க்கரை தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். கிளிமிப்ரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சாயாவில் சாப்பாடு இல்லை, ஆனால் மரத்துக்கு மரம் நடையும் குனிவும் நிமிர்வும் இருக்கிறது. அந்த மாத்திரை அன்றைய முதல் முழுச் சாப்பாட்டோடு சேர வேண்டியது. நேரத்தை மாற்றுவதா, மாத்திரையையே மாற்றுவதா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பலரும் சொல்வதில்லை. அதுவரை, கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது, ஒரு கிண்ணம் அவித்த பயறாவது உள்ளே போகட்டும்.

தோட்டத்தில் நடுக்கம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் சீனியையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்தபின் ஏதாவது சாப்பிடாமல் வேலைக்குத் திரும்பக்கூடாது. மீட்டர் கையில் இருந்தால் 70-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கலாம், விரலில் ஒட்டிய பாலை உரித்துக் கழுவிவிட்டு. மீட்டர் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் குடித்துவிடுங்கள். கூட வேலை பார்க்கிறவரிடமும் சொல்லி வையுங்கள்: நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அப்புறம், தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். ராத்திரி கால் கழுவும்போது உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஏத்தன் பழம் (நேந்திரம்), சக்கைப் பழம் (பலா) சாப்பிடலாமா? (மார்த்தாண்டம்)

பெரிய ஏத்தன் பழம் என்றால் பாதி. சக்கையில் மூன்று நான்கு சுளை. சாப்பாட்டின் மேல் கூடுதலாக வேண்டாம், சோற்றைக் குறைத்த நாளில் அதற்குப் பதிலாக. பழச்சாறு வேண்டவே வேண்டாம். ஏத்தங்காய் சிப்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

மூன்று மாதத்தில் 7.9 இப்போது 6.4 ஆகிவிட்டது. இனி மாத்திரையை நிறுத்தலாமா? கண் பரிசோதனை எழுதியிருந்தார்கள், அதுவும் தேவையில்லைதானே? (வடசேரி)

நல்ல இறக்கம். ஆனால் 6.4 மாத்திரையோடு வந்த எண். நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கண் பரிசோதனையை விடக்கூடாது. இரண்டாம் வகைச் சர்க்கரை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, அதனால் கண்டுபிடித்தவுடனே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகத்துக்காகச் சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், அதோடு கொழுப்பு, இவையும் அதே சமயத்தில். கண்ணுக்கு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும். பைக்கை வீட்டில் வைத்துவிட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.