கானமயிலைக் காட்ட யாரை நம்புவது?

கேள்வி: ஜனவரியில் அப்பாவுடன் ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்சல்மேர் போகிறேன். கானமயில் என்ற அரிய புல்வெளிப் பறவையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டு வழிகாட்டிகளிடம் பேசினேன். ஒருவர் ஒரே நாளில் கண்டிப்பாகக் காட்டுகிறேன், கிட்டே போய்ப் படம்கூட எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் மூன்று நாள் கேட்கிறார்; ஆனாலும் பறவை கிடைக்கும் என்று உறுதி தர மாட்டேன் என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. யாரோடு போவது?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டாமவரோடு போங்கள். யோசிக்கவே வேண்டாம்.

உலகத்தில் இயற்கையாகத் திரியும் கானமயில்கள் சுமார் நூற்றைம்பதுதான். அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் மாவட்டத்துப் புல்வெளிகளில் இருக்கின்றன. அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்கா மட்டும் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு கொஞ்சம் பறவை என்றால், எந்த நேர்மையான ஆளால் சத்தியம் செய்ய முடியும்?

‘கிட்டே போகலாம்’ என்ற பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது. ஜீப்பைப் பாதையிலிருந்து இறக்கி ஓட்டினால்தான் அது நடக்கும்; பறவை மிரண்டு பறக்கும். வளர்ந்த ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். அதன் கண்களுக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், நேர் முன்னால் அவ்வளவாகத் தெரியாது. பறக்கும்போது எதிரே மின்கம்பி தட்டுப்பட்டாலும் அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. தார் பாலைவனம் முழுக்க இப்போது காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும். அவற்றின் மின்கம்பிகளில் மோதிச் சாவதுதான் இந்த இனத்துக்குப் பெரிய ஆபத்து. அந்த இடத்தில் ஒரு பறவையை விரட்டிப் பறக்கவிடுவது பாவம். முட்டையும் வழக்கமாக ஒன்றே ஒன்றுதான் இடும், அதுவும் வெறும் தரையில். ஒன்று போனால் ஈடு செய்வது அவ்வளவு கஷ்டம்.

சரி, மூன்று நாள் எதற்கு என்கிறீர்களா? நல்ல வழிகாட்டி காலையில் முதலில் மணலைத்தான் பார்ப்பார். இரவில் நரி போன தடம், அதன் குறுக்கே வண்டு இழுத்த கோடு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். சாண்டா என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் முள்வால் பல்லி, குளிர்காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். நாம் அதன்மேலேயே நடந்துபோவோம். அவர் குனிந்து காட்டினால்தான் தெரியும். வெயில் ஏறியதும் கல்கௌதாரிகள் கூட்டமாகத் தண்ணீருக்கு வரும். ஓரண் என்று கிராமத்தார் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் காடுகளுக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நம் விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னி அங்கே வெட்டவெளியில் நிற்கும். அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதியை யார் வாங்குவது? பறவையை வரவழைக்கக் குரல் பதிவு போடுவாரா? போடுவேன் என்றால் அவரும் வேண்டாம்.

முழங்கால் வலிக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வண்டியிலிருந்தே பார்க்கலாம். வண்டியைப் பார்த்து மிரளாத பறவைகள்கூட ஆள் இறங்கினால் ஓடிவிடும். விடியற்காலைக் குளிர் மட்டும் மதுரைக்காரர்களுக்குக் கடுமையாக இருக்கும். குல்லாவும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒருநாள் மிச்சமிருந்தால் பலோடி பக்கம் கீச்சன் கிராமத்துக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் போடும் தானியத்துக்காகக் குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கில் குர்ஜா எனப்படும் டெமாய்செல் கொக்குகள் இறங்கும். அதைப் பார்க்க அப்பா நடக்கவே வேண்டியதில்லை.