டீமில் யாரும் என்னிடம் உண்மையைச் சொல்வதில்லை. நம்பிக்கையை வளர்ப்பது எப்படி?

எட்டுப் பேர் டீமுக்குப் புதிதாக லீடர் ஆகியிருக்கிறீர்கள். வேலை கெட்டுப்போன பிறகுதான் உங்களுக்குச் சேதி வருகிறது. முன்னாலேயே தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. எல்லோரையும் ஒரு நாள் ஏற்காடு கூட்டிப்போனால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐ.டி. கம்பெனி என்று நினைக்கிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். 17 வயதில் கைமடிக்கிற வேலைக்கு வந்து, அப்புறம் செக்கிங், அப்புறம் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற மெஷின்) டெய்லர் என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தவள். உங்கள் வேலைக்கும் என் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கிற அதே நிலைமை எனக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது நானேதான். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் ஊசி ரிஜிஸ்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஏற்றுமதித் துணி தைக்கும் இடங்களில் ஊசி உடைந்தால் அந்த மெஷினை உடனே நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, முழு ஊசியும் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால் நோட்டில் டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பர், நேரம், டெய்லர் பேர் எழுதிக் கையெழுத்து. அதற்கப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கிற பீஸ் அத்தனையும் தனிப் பெட்டியில் போய், ஒவ்வொன்றாக மெட்டல் டிடெக்டரில் ஓட வேண்டும். குழந்தைத் துணி என்றால் இதில் இம்மியளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சரியான விதி அது.

நான் சூப்பர்வைசர் ஆன புதிதில் ஃப்ளோர் மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். ஊசி உடைத்தால் 50 ரூபாய் பிடிக்கலாம், காலையில் லைன் ஆரம்பிக்கும் முன் முந்தின நாள் உடைத்தவர்கள் பேரை வாசிக்கலாம் என்று. நான் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமில்லை, பிடித்தும் இருந்தது. எனக்கு அப்போது 27 வயது. லைனில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் என்னை மதிக்க மாட்டார்கள் என்ற பயம் உள்ளே இருந்தது. பேர் வாசிக்கும்போது எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் ரிஜிஸ்டர் காலி. ஒரு நாள் இல்லை, தொடர்ந்து 12 நாள். மேனேஜர் மீட்டிங்கில் மற்ற லைன் சூப்பர்வைசர்களிடம் என்னைக் காட்டி, ‘இந்தம்மாகிட்ட கத்துக்கங்க’ என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

22 மெஷின் ஓடுகிற லைனில், கழுத்துப் பட்டிக்குப் போடுகிற ரிப் துணி நாலு மடிப்பாகச் சேருகிற இடத்தை நாள் முழுக்கத் தைக்கிறார்கள். அங்கே 12 நாள் ஒரு ஊசிகூட உடையாமல் இருக்க முடியாது. ஓவர்லாக் ஓட்டியவள் நான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தக் காலிப் பக்கத்தைக் கேள்வி கேட்கவில்லை.

13-ஆம் நாள் மதியம் பேக்கிங்கில் இருந்து கூப்பிட்டார்கள். பச்சைக் குழந்தைகள் போடுகிற ராம்பர், வெள்ளையில் மஞ்சள் வாத்துப் படம் போட்டது. டிடெக்டர் கத்தியிருக்கிறது. திருப்பிப் போட்டு ஓட்டினாலும் கத்துகிறது. கழுத்து ரிப்பை விரலால் நீவிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தையலைப் பிரித்தோம். தையல் மடிப்புக்குள்ளே, நூலோடு நூலாகப் படுத்துக் கிடந்தது ஊசி முனை. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். என் உள்ளங்கையில் வைத்தபோது கனமே இல்லை. எனக்கு வீட்டில் அப்போது பத்து மாதக் குழந்தை. கழுத்து மடிப்பில் பால் வழிந்தால் துடைப்பேனே, அதே இடம்.

டிடெக்டர் பிடித்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைய பீஸ் எல்லாவற்றையும் பாலிபேக் பிரித்து மறுபடி ஓட்ட ராத்திரி 11 மணி ஆனது. பண்டில் நம்பரை, அதாவது துணிக் கட்டின் நம்பரை வைத்துத் தேடியதில் எந்த மெஷின் என்று தெரிந்தது. எனக்கு ஓவர்லாக் ஓட்டக் கற்றுக்கொடுத்த அக்காவின் மெஷின்.

லைன் முன்னால் கேட்கவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ‘அக்கா, ஊசி எப்ப ஒடஞ்சுது?’ என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. டிபன் பையில் கையை விட்டு ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்தார். ஓவர்லாக் ஊசி, பத்து போட்ட பாக்கெட், மூன்று குறைந்திருந்தது. கடையில் சொந்தக் காசில் வாங்கியது. உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ள.

‘எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா.’

‘சொன்னா காலைல பேர் வாசிப்பியே கண்ணு.’

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பது மாதிரிச் சொன்னார். அவர் ஒருவர் மட்டுமில்லை, லைனில் இன்னும் ஐந்து பேர் பையில் ஊசிப் பாக்கெட் இருந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மேனேஜர் பேர் கேட்டார். என் லைன், என் பொறுப்பு, என் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது உண்மை. அந்தப் பேர் வாசிப்பை நடத்தியவள் நான்தான். அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் 300 ரூபாய் பிடித்தார்கள். பிற்பாடுதான் ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லித் தெரிந்தது, அப்போதிருந்த 1936-ஆம் வருட சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படியே கண்டபடி அபராதம் போட்டிருக்க முடியாது. அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, போடும் முன் சம்பந்தப்பட்டவரை விளக்கம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைத் தெரிந்து வைத்திருக்கிற சூப்பர்வைசர்கள் மிகக் குறைவு. நீங்களும் உங்கள் கம்பெனி விதி எது, சட்டம் எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை லைன் முன்னால் நின்று, இனிமேல் பேர் வாசிக்க மாட்டேன், 50 ரூபாய் பிடிக்க விடமாட்டேன், ஊசி உடைந்தால் கையைத் தூக்குங்கள், நான் வந்து சேர்ந்து தேடுகிறேன் என்று சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. முகத்தில் எழுதியிருந்தது. ரிஜிஸ்டர் அன்றும் காலி, மறுநாளும் காலி. நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். மீட்டிங் போட்டு ‘என்னிடம் தைரியமாகப் பேசலாம்’ என்று சொல்லியிருப்பீர்கள். சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. முதலில் வருகிற ஆளுக்கு என்ன நடக்கிறது என்று மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அந்த முதல் ஆள் புதன்கிழமை வந்தாள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த பெண், 20 வயது இருக்கும். தமிழில் அக்கா, சரி, பண்டில் என்று நாலைந்து வார்த்தைதான் தெரியும். உடைந்த ஊசியை டேப்பில் ஒட்டிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். விரல் நடுங்கியது. முனை இல்லை. மெஷினை நிறுத்தினேன். காந்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மெஷினுக்கு அடியில், துணிக்குள், அவள் மடியில், தரையில் என்று தேடினோம். இருபது நிமிடம். ஊசி இறங்குகிற ஓட்டை உள்ள தகட்டின் சந்தில் கிடைத்தது. அந்த மணி நேர டார்கெட் விழுந்தது. மேனேஜர் வந்து எல்லோர் முன்னாலும் என்னைத்தான் சத்தம் போட்டார். நான் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ‘சரிங்க சார், முனை கிடைச்சிருச்சு’ என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு ஊசி ரிஜிஸ்டருக்கு வந்தது. அடுத்த வாரம் தினமும் நாலு, ஐந்து. மேனேஜர் கூப்பிட்டு, உன் லைனில் மட்டும் ஏன் இவ்வளவு உடைகிறது என்றார். எப்போதும் இவ்வளவுதான் உடைந்துகொண்டிருந்தது, இப்போதுதான் நமக்குத் தெரிகிறது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது முக்கால்வாசி உடைசல் இரண்டு மெஷினில், அதுவும் கழுத்து ரிப் சேருமிடத்தில் என்று தெரிந்தது. மெக்கானிக் வந்து பார்த்து, ஒரு மெஷினில் ஊசித் தகட்டில் பிசிறு இருப்பதைக் கண்டுபிடித்துத் தேய்த்துக் கொடுத்தார். அந்தக் கனத்துக்கு 9-ஆம் நம்பர் ஊசி தாங்காமல் வளைகிறது என்று அதைவிடத் தடிமனான 11 போட்டார். உடைவது பாதிக்கும் கீழே வந்தது. 50 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் குற்றம் தகட்டில் இருந்திருக்கிறது.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் பற்றிச் சொன்னார்கள். 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்திருக்கிறார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல டீம்களில்தான் எண்ணிக்கை கூடுதல். அவர்கள் அதிகமாகத் தப்புச் செய்யவில்லை, செய்ததை வெளியே சொன்னார்கள் என்பது அவருக்குப் பிறகு விளங்கியது. வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு அந்த 12 காலிப் பக்கங்கள்தான் கண்ணில் வந்தன.

இப்படிச் செல்லம் கொடுத்தால் வேலை நடக்குமா என்று கீழே ஒருவராவது எழுதுவீர்கள். நான் கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஒரு டெய்லரை லைனை விட்டே மாற்றியிருக்கிறேன். ஊசி உடைத்ததற்காக இல்லை, மூன்றாம் முறையாக மறைத்ததற்காக. உடைவது வேறு, மறைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் புத்தி உள்ளவர்கள் எல்லோரும் மறைக்கத்தான் செய்வார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. நாங்கள் தைப்பது குழந்தைத் துணி. தைக்கிறவர்களின் குழந்தை எங்கே இருக்கிறது? 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போதிருந்த 1948-ஆம் வருட தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு அறை இருந்தது. சுவரில் யானைப் படம், தொட்டில், கவர் பிரிக்காத பொம்மை. பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனை, வருகிற நாளில் பூட்டைத் திறந்து கூட்டுவார்கள், ஆடிட்டர் போனதும் பூட்டிவிடுவார்கள். என் பத்து மாதக் குழந்தையை நான் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, பால் கட்டிக்கொண்ட மாரோடு ராம்பர் எண்ணியிருக்கிறேன். ஆடிட்டர் கேட்டால் ‘தினமும் திறந்திருக்குங்க’ என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அந்த ஒரு பொய்யை என் லைனில் 30 பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் நான் எந்த முகத்தோடு அவர்களிடம் உண்மை கேட்பேன்? நம்பிக்கை பற்றிப் பேசுகிற முதலாளிகள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுப் பேசட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில், வடநாட்டுத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின, உங்களுக்கு நினைவிருக்கும். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. எங்கள் விடுதியில் பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஊரில் இருந்து அம்மாக்கள் போனில் அழுகிறார்கள். மேனேஜர், சம்பளத்தை நிறுத்தி வைத்தால் போக மாட்டார்கள் என்றார். நான் மாட்டேன் என்று சண்டை போட்டேன். போகிறவர்கள் கணக்கை அன்று சாயங்காலமே முடித்துக் கையில் கொடுக்க வைத்தேன். ‘ஒன்றும் ஆகாது’ என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. இந்த வீடியோ இங்கே நடந்தது இல்லை, நம் தெருவில் எதுவும் நடக்கவில்லை, என் நம்பர் இது, ராத்திரி எந்நேரமும் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன். பதினொரு பேர் ஹோலிக்கு ஊருக்குப் போனார்கள். ஒன்பது பேர் அதே லைனுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது அன்று ஊசியோடு நின்ற ஒடிசாப் பெண். இப்போது அவள் செக்கிங் இன்சார்ஜ், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள்.

ஏற்காடு கேட்டீர்கள். போய் வாருங்கள், தப்பில்லை, பஸ்ஸில் பாட்டுப் பாடினால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன் உங்கள் டீமில் கடைசியாகக் கெட்ட சேதி கொண்டுவந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவரிடம் அன்று நீங்கள் என்ன முகம் காட்டினீர்கள், மேலிடத்தில் அவர் பேரைச் சொன்னீர்களா, உங்கள் பேரைச் சொன்னீர்களா? தப்பாக நடந்திருந்தால் அவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், உங்கள் கேபினுக்குக் கூப்பிட வேண்டாம். உடனே எதுவும் சொல்ல மாட்டார். எனக்கு அந்தத் திங்கட்கிழமையில் இருந்து புதன்கிழமை வரை ஆனது, உங்களுக்கு இன்னும் அதிக நாள் ஆகலாம், அதற்குள் மறுபடி ஒரு மீட்டிங் போட்டுவிடாதீர்கள்.