அழுத்தினால் ஏற வேண்டிய சத்தம் ஏன் ஏறவில்லை?

கேள்வி: வணக்கம் அண்ணா. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு சிந்தசைசர் வாசிக்கிறேன். ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் கட்டையைப் பிடித்தபடி விரலை இன்னும் அழுத்தினால் சத்தம் மெல்ல ஏற வேண்டும், கூடவே லேசான அலைவும் வர வேண்டும். ஆப்டர்டச்சை வொல்யூமுக்குக் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. ஒலியை மெல்ல ஆட்டும் எல்எப்ஓவைப் போட்டால் பாட்டு முழுக்க ஆடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கொழும்பு 13

பதில்: தம்பி, முதலில் உங்கள் கீபோர்டில் ஆப்டர்டச் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்று பார்ப்பது வெலோசிட்டி, அது பெரும்பாலான கீபோர்டுகளில் உண்டு. கட்டை அடிவரை போன பிறகு அதன்மேல் கொடுக்கும் அழுத்தத்தை அறிவதுதான் ஆப்டர்டச், அதற்குத் தனி சென்சர் வேண்டும், விலை குறைந்தவற்றில் அநேகமாக இருக்காது.

இருக்கிறது என்றால் கோளாறு அநேகமாக ஆம்ப் லெவலில்தான், அதாவது ஒலியின் அடிப்படைச் சத்த அளவில்தான். அது ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும்போது ஆப்டர்டச் அதன் உச்ச மதிப்பான 127 வரை போனாலும் சத்தம் ஏற இடமில்லை. லெவலை முதலில் பாதியளவுக்கு இறக்குங்கள், மிச்சப் பாதியை அழுத்தத்துக்கு விடுங்கள். இதைச் செய்யாமல் வேறு எந்த செட்டிங்கைத் திருகினாலும் பலன் இல்லை. பேட்சில், அதாவது நீங்கள் எடுத்திருக்கும் ஒலி அமைப்பில், கொம்ப்ரெசர் போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், நீங்கள் ஏற்றுவதை அது அமுக்கிவிடும்.

அப்புறம் எல்எப்ஓ. அதை நேரே வொல்யூமுக்குப் போடுவதால்தான் ஓயாமல் ஆடுகிறது. அதன் ஆழத்தை, அதாவது அலைவின் அளவை, பூச்சியத்தில் வைத்து, அந்த ஆழத்தை ஆப்டர்டச் கூட்டும்படி இணையுங்கள். அப்போது விரல் சும்மா இருக்கும்வரை ஒலி நேராக நிற்கும், அழுத்த அழுத்த அலைவு பிறக்கும், எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். சைன் அல்லது முக்கோண அலை எடுங்கள், சதுர அலை சத்தத்தை வெட்டி வெட்டிப் போடும். வேகம் 4 முதல் 6 ஹேர்ட்ஸ் போதும், ஆனால் எதிரொலி அதிகமுள்ள தேவாலயத்தில் வேகமான அலைவு கரைந்துபோகும், அங்கே 4க்குக் கிட்ட வையுங்கள். பல கருவிகளில் எல்எப்ஓ நடுவிலிருந்து மேலும் கீழுமாக ஆடும், ஆகவே மேலே அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் மேல்பாதி தட்டையாகி இறக்கம் மட்டும்தான் கேட்கும்.

இன்னொன்று, பெரும்பாலான கீபோர்டுகளில் ஆப்டர்டச் சனலுக்கு ஒன்றுதான். ஒரு விரலை அழுத்தினாலும் பிடித்திருக்கும் கோர்ட் முழுவதும் ஏறும். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக வேலை செய்யும் வசதி 1977இல் வந்த யமஹா சிஎஸ்-80இலேயே இருந்தது, இன்றும் அது எல்லாவற்றிலும் இல்லை. உங்களுக்கு மெலடி மட்டும் ஏற வேண்டுமென்றால் கீபோர்டைப் பிரித்து, இடது கைப் பகுதிக்கு ஆப்டர்டச்சை நிறுத்திவிடுங்கள்.

கட்டையை விட்டாலும் ஒலியை நீடிக்கவைக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்துக்கொண்டு கையை எடுத்தால் அழுத்தம் பூச்சியத்துக்குப் போய், ஏற்றிய சத்தமும் கூடவே விழுந்துவிடும். அப்படி வாசிக்கும் இடங்களில் சத்தத்தை, காலால் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்குக் கொடுத்துவிட்டு, அலைவை மட்டும் விரலுக்கு வையுங்கள்.