விருப்பப் பாடம் எடுத்தால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி: ஐயா, எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். எங்களுடையது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பம். விருப்பப் பாடமாகப் பௌத்தம் எடுக்க ஆசை. என் வகுப்பில் பெரம்பூர்ப் பௌத்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கிறிஸ்தவம் எடுக்கிறாள். "ஊரில் வேறு பாடமே இல்லையா?" என்கிறார் அப்பா. இப்படிப் படிப்பதால் இரண்டு மதத்தாருக்கும் நடுவே ஏதாவது நடக்குமா? – வாசகி, தாம்பரம்

பதில்: நடக்கும், ஆனால் மேடையில் நடக்காது. கல்லூரிகளின் சமய நல்லிணக்க விழாக்களில் நானும் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கியிருக்கிறேன். குத்துவிளக்கு, பொன்னாடை, 'எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது', அப்புறம் சாம்பார் சாதம். உலகைப் படைத்த கடவுள் என்பது கிறிஸ்தவத்துக்கு அஸ்திவாரம். பௌத்தத்துக்கு அப்படி ஒருவர் தேவையே இல்லை. இதை மழுப்பாமல் பேச வகுப்பறைதான் தோது. அங்கே யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை.

இலங்கைப் பாணந்துறையில் 1873-ல் பிக்குவும் பாதிரியாரும் இரண்டு நாள் வாதாடினார்கள். ஊரே கூடியது, வென்றது யார் என்பதுதான் பேச்சு. நூறு வருஷம் கழித்து அதே நாட்டில் அலோசியஸ் பீரிஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் பௌத்த தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1974-ல் களனியில் 'துலானா' ஆய்வு மையத்தைத் தொடங்கினார். குருத்துவத்தை அவர் விட்டுவிடவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பௌத்தம் எங்கோ இருக்கிற மதம் என்று அவர் நினைத்தால், அயோத்திதாசர் 1898-ல் பௌத்த சங்கம் அமைத்தது நம் சென்னையில்தான். நம் மயிலை சீனி. வேங்கடசாமி 1936-ல் 'கிறித்தவமும் தமிழும்' எழுதிய கையோடு 1940-ல் 'பௌத்தமும் தமிழும்' எழுதினார். பள்ளிக்கூட வாத்தியார் அவர்! இரண்டையும் வாங்கிப் படியுங்கள்.

சரி, தோழியோடு எழும்பூர் அருங்காட்சியகம் போயிருக்கிறீர்களா? (வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.) ஆந்திராவின் அமராவதிப் பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பங்களில் பழையவற்றைப் பாருங்கள். சுற்றிலும் கைகூப்பிய கூட்டம், நடுவே வெறும் ஆசனம், இல்லையென்றால் இரண்டு பாதச்சுவடுகள். புத்தர் உருவம் இராது. 'ஆளை ஏன் காணோம்?' என்று அவளைக் கேளுங்கள். தடுமாறினால் நல்லது, நூலகத்துக்குப் போவாள். பதிலுக்கு, ஈஸ்டர் காலையில் கல்லறை காலியாக இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவள் உங்களைக் கேட்கக்கூடும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் அங்கே பத்தாது. 'இரண்டும் ஒன்றுதான்' என்று மட்டும் அவசரப்பட்டு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அதுவும் விழா மேடைப் பேச்சாகிவிடும்.

அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்குள் கடைசித் தேதி போய்விடப் போகிறது. முதலில் துறை அலுவலகத்தில் பெயரைக் கொடுங்கள்.