லண்டனில் பள்ளி கவர்னர்: நான்கு வருடம் இருந்தவளின் பதில்

கேள்வி இதுதான்: லண்டனில் மகள் படிக்கும் கவுன்சில் (உள்ளாட்சி) தொடக்கப் பள்ளியில் பெற்றோர் கவர்னர், அதாவது பள்ளியை மேற்பார்வையிடும் குழுவில் பெற்றோர் சார்பு உறுப்பினர், தேர்தலுக்கு நிற்கச் சொல்கிறார்கள். என்ன வேலை இருக்கும்? ஆங்கிலம் சுமார்தான், சமாளிக்க முடியுமா?

நான் ஒரு தவணை முழுக்க, அதாவது நான்கு வருடம், அந்தப் பதவியில் இருந்தேன். தேர்வான அன்று மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னால் அம்மா, "கவர்னரா? கார் குடுப்பாங்களாடி?" என்றார். காரும் இல்லை, சம்பளமும் இல்லை. கூட்டத்தில் டீ, பிஸ்கட் உண்டு.

நம் ஊர்த் தாளாளரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தனி ஆளாகக் கவர்னருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. வகுப்புக்குள் போய் ஆசிரியரை எடைபோடவோ, டைம்டேபிளை மாற்றச் சொல்லவோ முடியாது. குழுவாக உட்கார்ந்து எடுக்கும் முடிவுதான் செல்லும். குழுவில் குறைந்தது ஏழு பேர்: பெற்றோர் தரப்பில் இரண்டு பேராவது, ஊழியர் தரப்பில் ஒருவர், கவுன்சில் முன்மொழிந்தவர் ஒருவர், தலைமையாசிரியர், அப்புறம் குழுவே சேர்த்துக்கொள்கிறவர்கள். (கவுன்சிலின் கீழ் வராத அகாடமி பள்ளி என்றால் மேலே ஒரு டிரஸ்ட் இருக்கும், கதை வேறு.)

வேலை மூன்று என்பார்கள். பள்ளி எந்தத் திசையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது, பிள்ளைகளின் படிப்புக்குத் தலைமையாசிரியரிடம் பதில் கேட்பது, காசு ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. கேட்பதற்கு எளிது. உள்ளே போனால் மூன்றாவதுதான் ஆளை உட்காரவைத்துவிடும்.

பள்ளிக்குப் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. அக்டோபரில் எடுக்கும் கணக்கெடுப்பில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்து அடுத்த ஏப்ரலில் தொடங்கும் வருடத்துக்கான தொகை. ஆரம்ப வகுப்புகளில் 30 பேர் வரை சேர்க்கலாம். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ரிசப்ஷனில், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பில், 22 பேர்தான் சேர்ந்தார்கள். லண்டனில் பிறப்பு குறைந்துவிட்டது, வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறுகின்றன, பல பள்ளிகளுக்கு இதே கதைதான். 22 பேர் என்பதற்காக டீச்சருக்குச் சம்பளத்தைக் குறைக்க முடியுமா? உதவியாளர்களில் யாரைக் குறைப்பது என்ற பட்டியல் எங்கள் மேஜைக்கு வந்தது. தினமும் கேட்டில் என் மகளைச் சிரித்து வரவேற்கிற பெண்மணியின் வேலையும் அதில் இருந்தது. இப்படிப்பட்டதற்குக் கை தூக்க வேண்டியிருக்கும் என்று தேர்தலுக்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. வசதி குறைந்த பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குப் ‘பியூபில் பிரீமியம்’ என்று கூடுதல் பணம் வரும். வருமானத்தைப் பொறுத்த இலவச உணவுக்குப் பெற்றோர் பதிவு செய்திருந்தால்தான் அது வரும். லண்டனிலோ 2023 செப்டம்பரிலிருந்து கவுன்சில் தொடக்கப் பள்ளிகளில் எல்லாருக்குமே மதிய உணவு இலவசம். "சாப்பாடுதான் கிடைக்கிறதே, ஃபார்ம் எதற்கு?" என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கூச்சமும் உண்டு. இதைக் கூட்டத்தில் கேட்டேன். பள்ளி தமிழிலும் ஒரு கடிதம் அனுப்பியது.

மனதுக்குக் கஷ்டமான வேலை, ஒரு பிள்ளையை நிரந்தரமாக நீக்கத் தலைமையாசிரியர் முடிவெடுக்கும்போது வருவது. 15 பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் பெற்றோர், இந்தப் பக்கம் நீங்கள். தலைமையாசிரியர் நமக்குத் தெரிந்தவர், நல்லவர் என்பதற்காகத் தலையாட்டக் கூடாது. வேறு வழிகளை முயன்றார்களா, அந்தப் பிள்ளைக்குச் சிறப்புத் தேவை ஏதாவது இருக்கிறதா, சட்டப்படி நடந்ததா என்று கேட்டாக வேண்டும். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. அந்த அறையில் நடந்ததை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது.

வாய்க்குப் பூட்டு வெளியிலும் வேண்டும். கவர்னர் ஆன மறுவாரமே கேட்டில் பிடித்துக்கொள்வார்கள்: "அக்கா, நீங்க சொன்னா நடக்கும், அந்த மிஸ் சரியில்ல." காது கொடுத்துக் கேட்டுவிட்டால், பிற்பாடு அந்தப் புகார் குழுவுக்கு வரும்போது அதில் நீங்கள் உட்கார முடியாமல் போகலாம். முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் எழுத்துப் புகார் என்று வழி சொல்லி அனுப்புங்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் மகள் விஷயத்திலும் நீங்கள் வெறும் அம்மா அல்லது அப்பாதான். அவளை நாடகத்தில் சேர்க்காததைக் கூட்டத்தில் எழுப்ப முடியாது. எனக்கு ஒருமுறை நாக்கு நுனிவரை வந்தது.

நேரம்? கூட்டம் வருடத்துக்குக் குறைந்தது மூன்று கட்டாயம். எங்களுக்குத் துணைக்குழுவும் சேர்த்து ஏழெட்டு வரும், எல்லாம் மாலையில். கூட்டத்துக்கு முன் படிக்க வேண்டிய தாள்கள்தான் ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். வேலையிடத்தில் இதற்காக நியாயமான அளவு விடுப்பு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் சம்பளம் தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. காரணம் சொல்லி அனுமதி வாங்காமல் ஆறு மாதம் வராமல் இருந்தால் பதவி போய்விடும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். அங்கே பேசுவதில் பாதி முதலெழுத்துச் சுருக்கங்கள், இங்கேயே பிறந்தவர்களும் விழிப்பார்கள். முதல் வருடம் நான் கேட்டதெல்லாம் "அது என்றால் என்ன?" மட்டும்தான். ஒருமுறை அதற்குத் தலைமையாசிரியருக்கே பதில் தெரியவில்லை.