தீக்குச்சிக்குப் பதில் என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சனின் ‘தீக்குச்சி விற்ற சிறுமி’ கதையை இன்றைய நகரத்தில் நடப்பதாக மாற்றி, பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பத்து நிமிட நாடகமாக எழுதுகிறேன். தீக்குச்சிக்குப் பதில் செல்போன் வெளிச்சம் வைக்கலாமா? கடைசியில் அவளைப் பிழைக்க வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: செல்போன் வேண்டாம். 1845-இல் வெளிவந்த மூலக்கதையில் தீக்குச்சி அவள் விற்க வேண்டிய சரக்கு. விற்காமல் வீடு திரும்பினால் அப்பாவிடம் அடி விழும். அந்தப் பயத்தோடுதான் முதல் குச்சியை உரசுகிறாள். அதனால் நீங்கள் வைக்கும் பொருளும் அவளுடைய சரக்காக இருக்க வேண்டும், எரிந்து தீர்ந்துபோக வேண்டும், கொஞ்சம் சூடும் தர வேண்டும். கம்பி மத்தாப்பு மூன்றுக்கும் பொருந்தும். மேடையில் நிஜ நெருப்பு கூடவே கூடாது, சின்ன எல்.இ.டி. விளக்கில் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றிக் கையில் கொடுங்கள்.

அவள் காண்பவை வரிசையாக அடுப்பு, சுட்ட வாத்து, கிறிஸ்துமஸ் மரம், பாட்டி. குளிரில் தொடங்கி, பசி, பண்டிகை என்று ஏறி, பாசத்தில் முடிகிற ஏக்கம் இது. வரிசையைக் கலைக்காதீர்கள். ஒவ்வொரு வெளிச்சமும் அணைந்ததும் மூன்று விநாடி முழு இருட்டு வேண்டும். உடனே அடுத்த காட்சிக்குத் தாவினால் அவள் எதை இழந்தாள் என்பது பார்ப்பவர்களுக்கு உறைக்காது. பாட்டி மறைந்துவிடக் கூடாதே என்று மீதிக் குச்சிகள் அத்தனையையும் அவள் கொளுத்தும் இடத்துக்கு மட்டும் ஒரு முழு நிமிடம் ஒதுக்குங்கள்.

பிழைக்க வைக்கலாம். ஆனால் முன்பின் வராத ஒரு பணக்காரர் கார் கதவைத் திறந்து அழைத்துப்போனால் நாடகம் அங்கேயே செத்துவிடும். தொடக்கத்தில் நாலைந்து பேர் அவளைக் கடந்து போகட்டும். அவர்களில் ஒருவரே திரும்பி வரட்டும். கண்டும் காணாமல் போனவர்களைப் பற்றிய கதையல்லவா இது! மூலத்தில் இது ஆண்டின் கடைசி இரவு. கிறிஸ்துமஸுக்கு மாற்றினால் கதை கெடாது.

கேள்வி: இப்படித் திருத்தி எழுத யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: ஆன்டர்சன் 1875-இல் மறைந்தவர், மூலக்கதை எல்லோருக்கும் பொது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அதன் வரிகளை அப்படியே எடுக்காதீர்கள். அவருடைய ‘பனி ராணி’ கதையைத் திருத்தி எழுதினாலும் எல்சாவையும் ஓலாஃபையும் சேர்க்காதீர்கள், அவர்கள் அதைத் தழுவி 2013-இல் வந்த ‘ஃப்ரோசன்’ என்ற டிஸ்னி படத்துக்கு உரியவர்கள்.

கேள்வி: ஆன்டர்சனின் ‘பனி ராணி’யைக் குழந்தைகளுக்கு எப்படிச் சுருக்கிச் சொல்வது?

பதில்: கதை ஏழு பாகம். டிசம்பர் 18-இல் தொடங்கினால் இரவுக்கு ஒன்றாக 24-இல் முடியும். மூன்றாம் பாகத்தில் பூக்கள் சொல்லும் கிளைக்கதைகளை வெட்டலாம். பனி ராணி கொண்டுபோன சிறுவன் கே சாகவில்லை என்று ரோஜாக்கள் சொல்வதை மட்டும் வெட்டாதீர்கள், அவனைத் தேடிப் போகும் தோழி கெர்டா தொடர்ந்து நடப்பதே அதை நம்பித்தான்.

பல புதிய வடிவங்கள் முடிவில் ராணியோடு சண்டை வைக்கின்றன. மூலத்தில் அந்த நேரம் ராணி அரண்மனையிலேயே இல்லை, வெப்ப நாடுகளுக்குப் போயிருக்கிறாள். கெர்டாவின் கண்ணீர் பட்டு கேயின் நெஞ்சிலுள்ள பனிக்கட்டி உருகுகிறது. பிறகு அவனே அழுகிறான், முன்பு கண்ணில் விழுந்த மாயக் கண்ணாடியின் துகள் வெளியே வருகிறது. இந்த இரண்டு அழுகையையும் அவசரமில்லாமல், தணிந்த குரலில் வாசியுங்கள்.