ஒரு ஹார்மோனுக்கு ஊசி, இன்னொன்றுக்கு மாத்திரை, ஏன்?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. எனக்குத் தைராய்டு, காலையில் ஒரு மாத்திரை. இரண்டுமே ஹார்மோன்தானே, அம்மாவுக்கும் மாத்திரையாகவே கொடுத்தால் என்ன? குத்திக் குத்தி அவர் வயிறெல்லாம் தடித்துவிட்டது.
- வாசகி, கரூர்

பதில்: இன்சுலின் ஒரு புரதம், 51 அமினோ அமிலங்கள் கோத்து உண்டானது. வாய்வழியாகக் கொடுத்தால் முட்டைக்கும் பருப்புக்கும் வயிற்றில் என்ன கதியோ அதே கதிதான், துண்டு துண்டாகி ஜீரணமாகிவிடும். 1922 ஜனவரியில் டொரோன்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகக் கொடுத்தபோதும் ஊசிதான், இன்றைக்கும் பெரும்பாலும் ஊசிதான். உங்கள் மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் அப்படியில்லை. டைரோசின் என்ற ஒரே அமினோ அமிலத்திலிருந்து உருவாகி நான்கு அயோடின் அணுக்களைச் சுமந்திருக்கும் சின்னப் பொருள் அது. ஜீரண நீருக்குத் தப்பிக் குடல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும்.

பொதுவாக ஹார்மோன்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். இன்சுலின், குளுக்ககான், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் புரத வகை. கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஸ்டீராய்டு வகை. அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் அட்ரினலினும் தைராக்ஸினும் மூன்றாவது வகை.

அம்மா விஷயத்தில் ஒன்று முக்கியம். தடித்துப்போன இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டால் மருந்து ஒழுங்காக ஏறாது, சர்க்கரையும் தாறுமாறாக ஏறி இறங்கும். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள், அடுத்த தடவை அந்தத் தடிப்பை டாக்டரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது, சோர்வு கொஞ்சமும் குறையவில்லை. நானே ஒன்றை இரண்டாக்கிக்கொள்ளலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டவே வேண்டாம். படபடப்பும் தூக்கமின்மையும்தான் வரும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். இன்சுலினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வேலை செய்யச் செல்லுக்குள் போக வேண்டியதே இல்லை. வெளிச்சுவரில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் ஒட்டிக்கொண்டதும், தசைச் செல்லாக இருந்தால், உள்ளே ஒதுங்கியிருந்த குளுக்கோஸ் கடத்திகள் சுவருக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்க ஆரம்பிக்கும், எல்லாம் நிமிடக் கணக்குதான். தைராக்ஸினோ செல்லுக்குள் நுழைய வேண்டும், ஓர் அயோடினை இழந்து டி3 என்ற வீரியமான வடிவமாக வேண்டும், உட்கருவுக்குள் போய் டிஎன்ஏ மேல் இருக்கும் ஏற்பியைப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் மரபணுக்கள் இயங்கிப் புதுப் புரதங்கள் தயாராகும். போதாததற்கு அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும், அதனால் அளவு நிலைப்பட ஐந்தாறு வாரம் ஆகிவிடுகிறது. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைக்கு 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொல்வது இதனால்தான்.

அதற்குள் ஒன்றைச் சரிபாருங்கள். காபி குடித்த கையோடு மாத்திரை போடுகிறீர்களா? வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அவை தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: மூட்டுவலிக்கு ஒன்றரை மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். வலி போய்விட்டது, முகம் வேறு ஊதிவிட்டது. நிறுத்திவிடலாம்தானே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட விடாதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் சுரக்கும், எவ்வளவு சுரக்க வேண்டும் என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியின் உத்தரவு. உங்கள் ஸ்டீராய்டு மாத்திரையும் கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்வதுதான். அது வெளியிலிருந்து வரவர, ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், அட்ரீனலும் வேலையில்லாமல் சுருங்க ஆரம்பிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசாலே போதாமல் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக டோஸைக் குறைத்துத்தான் நிறுத்துவார், முகவீக்கமும் அப்போது மெல்ல வடியும். நடுவில் கடும் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால், ஸ்டீராய்டு சாப்பிடுவதை அங்கே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.